ஐஸ்கிரீமுக்கு எதற்கு ஸ்டெபிலைசர்?

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கடைசியில் ஐஸ்கிரீம் தொழிலில் இறங்கியே விட்டாய், ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். மகள் ஏரோநாட்டிக்கல் மூன்றாம் ஆண்டு போகிறாள்.

"ஸ்டெபிலைசர் என்று ஒரு பவுடர் தருகிறார்கள், கெமிக்கல் கலக்க மனசு வரவில்லை" என்று எழுதியிருந்தாய். பாக்கெட்டைத் திருப்பிப் பார். 412 என்று போட்டிருந்தால் அது குவார் கம். நம் வீட்டுக் கொத்தவரங்காய் இருக்கிறதே, அதே செடியின் விதையை அரைத்த மாவு. ராஜஸ்தானில் ஏராளமாக விளைகிறது. 407 என்றால் கடல்பாசியிலிருந்து எடுப்பது. தாராளமாகப் போடலாம்.

அது செய்யும் வேலை இதுதான். ஐஸ்கிரீமில் எல்லாத் தண்ணீரும் உறைவதில்லை. பனித்துகள்களுக்கு நடுவே உறையாத சர்க்கரைக் கரைசல் எப்போதும் இருக்கும். ஃப்ரீசரில் குளிர் கொஞ்சம் கூடிக் குறைந்தாலே சின்னத் துகள்கள் கரைந்து, அந்தத் தண்ணீர் பெரிய துகள்களில் போய் ஒட்டி உறையும். நாள்பட்ட ஐஸ்கிரீம் நாக்கில் நறநறப்பது அதனால்தான். கம் அந்தக் கரைசலைக் கெட்டியாக்கித் தண்ணீர் நகர்வதைத் தாமதப்படுத்தும். தாமதம் மட்டும்தான், அடியோடு நிறுத்தாது.

10 கிலோ கலவைக்கு 20 முதல் 50 கிராம் போதும். கூடினால் வாயில் பசை மாதிரி ஒட்டும். முதலில் சர்க்கரையோடு உலர்வாகக் கலந்துகொள், பிறகு பாலைக் கலக்கிக்கொண்டே தூவு. நேராகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். மேலே வழவழவென்று இருக்கும், உடைத்தால் உள்ளே காய்ந்த மாவு. அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் கரையாது.

இனி என் தொழிலில் வரும் ஸ்டெபிலைசர், அதாவது வோல்டேஜைச் சீராக வைக்கும் பெட்டி. ஃப்ரீசருக்கு அதுவும் வேண்டும். வோல்டேஜ் 170க்கு இறங்கினால் கம்ப்ரசர் மோட்டார் திணறும், கரண்டை அதிகம் இழுக்கும், காயில் சூடாகும். ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் 'டக்' என்று டிரான்ஸ்பார்மரின் வேறொரு முனைக்கு மாறி வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும். அதிகமானால் குறைக்கும். கரண்ட் போய் வந்ததும் சில நிமிடம் காத்திருக்க வைக்கும் டைமர் உள்ளதையே வாங்கு. கேஸ் அழுத்தம் சமமாகாமல் ஓடினால் கம்ப்ரசர் பாழ். ஆனால் கரண்டே இல்லாதபோது இந்தப் பெட்டியால் பயனில்லை. அந்த நேரத்தில் துகள்களைக் காப்பது கொத்தவரை மாவுதான், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு.

ஸ்டெபிலைசர் என்று எது வந்தாலும், எது எப்படிக் கெடாமல் காக்க வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேள். அளவும் எல்லையும் அதிலேயே தெரிந்துவிடும். மைத்துனர் வேலை பார்க்கும் பைப் கம்பெனியில் பிவிசி பிளாஸ்டிக்குக்கும் ஸ்டெபிலைசர் உண்டு. உருக்கும் சூட்டில் பிவிசியிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமில வாயு பிரியும். அந்த வாயுவே மேலும் சிதைவைத் தூண்டும், பைப் மஞ்சளாகிக் கறுத்துவிடும். வாயுவைப் பிடித்துக்கொள்ளத்தான் ஸ்டெபிலைசர், பிடிக்கப் பிடிக்க அதுவே தீர்ந்துபோகும். முன்பு ஈய உப்புகளைப் போட்டார்கள். குடிதண்ணீர் போகும் பைப்பில் ஈயம்! 2021இல் மத்திய அரசு அதற்கு விதி கொண்டுவந்தது. ஈயத்துக்குப் பதில் கால்சியம்-துத்தநாகம்தான் இப்போது பேச்சு. உன் சந்தேகம் அங்கே நியாயமானது.

ஸ்டெபிலைசர் எது என்று மகளிடம் கேட்டால் விமானத்தின் வால் இறக்கையைக் காட்டுகிறாள், அதற்கும் அதே பெயர்தானாம். காற்று மூக்கைத் தூக்கினால் அது வாலை உயர்த்தி மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவருமாம். 2000 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 விமானத்தில் அந்த இறக்கையின் கோணத்தை மாற்றும் திருகின் நட், சரியாகக் கிரீஸ் போடாததால் தேய்ந்து மரை கழன்றது. இருந்த 88 பேரும் கலிபோர்னியா கடலில் இறந்தார்கள். அவள் சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பராமரிப்பில் கஞ்சத்தனம் கூடவே கூடாது.

உன் கடையில் காலை, மதியம், இரவு என்று ஒரு வாரம் வோல்டேஜ் பார்த்து எழுது. ஃப்ரீசர் எத்தனை வாட்ஸ் என்பதையும் சேர்த்துப் போடு. அதற்கேற்ற பெட்டியை நானே காயில் சுற்றிச் செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராஜு