மகளின் கோடைகால ஆய்வு

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். கறுத்தக்கொழும்பான் மாமரம் இம்முறை நல்ல காய்ப்பு. வெயில்தான் தாங்க முடியவில்லை.

உணவுக் கோளாறுகள் பற்றி ஆய்வு செய்ய உன் மகளுக்குக் கோடைகால உதவித்தொகை கிடைத்ததை வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். நீயோ, "சாப்பிடாத பிள்ளையை இரண்டு அதட்டு அதட்டினால் போதாதோ, இதுக்கும் ஒரு ஆராய்ச்சியோ" என்று எழுதியிருக்கிறாய். அப்படி நினைக்காதே. மனநோய்களில் உயிரை அதிகம் பறிப்பவற்றில், சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி ஆபத்தான அளவுக்கு மெலியவைக்கும் அனோரெக்சியாவும் ஒன்று. அமெரிக்காவில் 1944 முடிவில் தொடங்கிய மினசோட்டாப் பட்டினிப் பரிசோதனையில், தாங்களாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதமளவில் அரைவயிற்றோடு வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டு நினைவாகவே இருந்தது. சமையல் புத்தகங்களைத் தேடி வாசித்தார்கள், சிடுசிடுத்தார்கள், ஆட்களோடு கதைப்பதைக் குறைத்தார்கள். பட்டினி மனத்தை அப்படி மாற்றிவிடும். அந்த நிலையில் இருக்கிற பிள்ளைக்கு அதட்டல் எங்கே ஏறும்?

பள்ளிக்கூடத்தில் ஆலோசனைப் பொறுப்பில் இருப்பதால் எனக்கு இது தூரத்து விஷயம் இல்லை. ஏ.எல். படித்த ஒரு பிள்ளை மெலிந்துகொண்டே போனாள். கேட்டால் "வயிறு ஊதுது, பசிக்கேல்லை" என்பாள். வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டி என்று சொல்லும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? வீட்டார் வயிற்று வைத்தியர்களிடமே கொண்டு திரிந்தார்கள். அவளுடைய அம்மம்மா 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் பிள்ளைகளுக்குக் கஞ்சி தேடி அலைந்தவர். பேத்தி கோப்பையைத் தள்ளிவைத்தபோது அந்த மனுசிக்கு வந்த கோபத்தையும் அழுகையையும் எந்தக் கேள்விக்கொத்தில் எழுதுவது? மனநலப் பிரிவுக்குப் போகவே அந்தப் பிள்ளைக்கு நெடுநாள் எடுத்தது. இப்போது தேறி வருகிறாள்.

மகளிடம் நான் சொல்ல நினைப்பதும் இதைத்தான். உடம்பு வைத்துவிடும் என்ற பயம் இருந்தால்தான் அனோரெக்சியா என்று பலர் நம்புகிறார்கள். ஹொங்கொங்கில் சிங் லீயும் கூட்டாளிகளும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், 70 நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்தப் பயமே இல்லை. வயிறு ஊதுகிறது, பசியில்லை என்றே பலர் சொன்னார்கள். மனநோய்களை இனங்காண வைத்தியர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான, 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 கூட, பயத்தைச் சொல்லாவிட்டாலும் எடை கூடாமல் தொடர்ந்து தடுக்கிற நடத்தை இருந்தால் அதைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

இரண்டு மாதம் சொச்சத்தில் ஒரு மாணவி பெரிய கண்டுபிடிப்பு எதையும் செய்துவிட முடியாது. பழைய கட்டுரைகளை வாசிப்பாள், தரவு பதிவாள், பேராசிரியருக்குப் பக்கத்தில் இருந்து கேட்பாள். அந்தக் கேட்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ரொறன்ரோவிலும் எங்கள் வீடுகள் எத்தனை இருக்கின்றன! "வயிறு சரியில்லை" என்று ஒரு தமிழ்ப் பிள்ளை சொன்னால், அதை எப்படி விசாரிப்பது என்று தன் பேராசிரியரிடம் கேட்கச் சொல்லு. அவர் சொல்வதை எனக்கு எழுதச் சொல்லு. அடுத்த தவணை ஆசிரியர்களோடு இதைப் பற்றிக் கதைக்க இருக்கிறேன், அதற்கு உதவும்.

அப்புறம், அவள் வீட்டுக்கு வந்து இதைப் பற்றிக் கதைத்தால் நீயும் இருந்து கேள்.

அன்புடன்,
உன் மச்சான்
கொக்குவில்