உட்கார் என்று சொல்லாதே

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில், "மாடி ஏறாதே, நடக்காதே, பேசாமல் உட்காரும்மா" என்றாய். நானும் சரி சரி என்று வைத்துவிட்டேன். பதில் சொல்லியிருந்தால் உன் குரல் உயரும், என் குரலும் உயரும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருடம் நீ சொன்னபடிதான் இருந்தேன். வலது முழங்கால் வலிக்க ஆரம்பித்ததும் நடையை நிறுத்தினேன், நாற்காலியே கதி என்று கிடந்தேன். மூன்று மாதத்தில் வலி குறையவில்லை, தொடைதான் இளைத்தது. எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டியதாயிற்று.

எக்ஸ்ரேயைப் பார்த்த ஒருவர் "மூட்டுத் தேய்மானம், எலும்போடு எலும்பு உரசுகிறது" என்று சொன்னதிலிருந்து, அடி எடுத்து வைத்தாலே உள்ளே ஏதோ தேய்கிறது என்று பயம். அந்தப் பயத்தைப் போக்கியது பிசியோதெரபி சொல்லித்தரும் பெண்தான். எலும்பின் முனையில் வழுவழுவென்று இருக்கும் குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாதாம். வலி வருவது அடியிலுள்ள எலும்பு, மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு, தசைநார் இவற்றிலிருந்து. அதனால்தான் எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் மூட்டு சிலருக்கு வலிப்பதே இல்லை; லேசான தேய்மானம் சிலரைப் பாடாய்ப் படுத்துகிறது. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயும் இல்லை. அதற்குச் சத்து மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் வர வேண்டும். காலை ஊன்றி எடுக்கும்போது, பஞ்சை அமுக்கி விடுவதுபோல, அந்தத் திரவம் உள்ளே போய் வருகிறது. மூன்று மாதம் உட்கார்ந்தபடியே நான் அதைப் பட்டினி போட்டிருக்கிறேன்!

இப்போது என் வேலை இதுதான்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, மெதுவாக உட்காருவது, மறுபடி எழுவது. அப்புறம் உட்கார்ந்தபடியே காலை நீட்டி ஐந்து எண்ணுவது. தொடைத் தசை பலமானால் முழங்காலின் சுமை குறையும் என்றாள். முதல் இரண்டு வாரம் வலி கூடியது, பொய் சொல்ல மாட்டேன். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, மறுநாளும் அந்த வலி அடங்காமல் இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும் என்பது அவள் கொடுத்த கணக்கு. ஏழெட்டு வாரம் கழித்துத்தான் வித்தியாசம் தெரிந்தது.

என் குற்றமும் ஒன்று உண்டு. வலி இல்லாத நாளில் எனக்குத் தலைகால் புரியாது. போன வாரம் ஒரே மூச்சில் அலமாரி முழுவதையும் இறக்கித் துடைத்தேன், இரண்டு நாள் படுத்தேன். இப்போது ஒரு நாளைக்கு ஒரு தட்டுதான்.

எடையும் 3 கிலோ குறைத்திருக்கிறேன். உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய 4 கிலோ பாரம் குறைகிறதாம். ஒரு நாளைக்கு எத்தனை அடி வைக்கிறோம், நீயே பெருக்கிப் பார்.

கைத்தடி வாங்கியதற்குச் சிரிக்காதே. வலிக்கிற பக்கத்தில்தான் பிடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். எதிர்க்கையில் பிடிக்க வேண்டுமாம். மாடிப்படியும் ஏறுகிறேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

மூட்டுக்கென்று நீ அனுப்பிய குளுக்கோசமைன் மாத்திரையை இனி அனுப்பாதே. அது உறுதியாகப் பலன் தருவதாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலி அதிகமானால் டைக்ளோஃபினாக் ஜெல்லை முழங்காலில் தடவுகிறேன். வலி மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம், ரத்த அழுத்தமும் ஏறலாம். எனக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம் இருப்பதால் கேட்காமல் போடுவதில்லை. காலையில் பிடிப்பாக இருந்தால் வெந்நீர் ஒத்தடம், வீங்கினால் ஐஸ்.

அந்தக் காலைப் பிடிப்பு பத்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது. அரை மணிக்கு மேல் நீடித்தாலோ, பல மூட்டுகள் சேர்ந்து வீங்கினாலோ தேய்மானம் அல்லாத வேறு வகை மூட்டுவாதமா என்று பார்க்க வேண்டும். திடீரென்று மூட்டு சிவந்து சுட்டுக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இது எனக்குத் தெரியும், நீ ராத்திரி விழித்துக் கவலைப்பட வேண்டாம்.

மூட்டு மாற்று ஆபரேஷன் பற்றியும் கேட்டிருந்தாய். தூக்கம் கெட்டு, வீட்டுக்குள் நடப்பதே பாடு என்ற நிலை வந்தால் நானே கேட்டுச் செய்துகொள்வேன். மாற்று மூட்டு பெரும்பாலானவர்களுக்கு 20 வருடத்துக்கு மேல் உழைக்கிறதாம். இப்போது அவசரம் இல்லை.

அடுத்த முறை போன் செய்யும்போது உட்கார் என்று சொல்லாதே. இன்றைக்கு எத்தனை தடவை எழுந்தாய் என்று கேள். இன்றைக்கு 12. போன மாதம் 5கூட முடியவில்லை.

அன்புடன்,
அம்மா