லீமாவிலிருந்து சாவோ பாவ்லோ: ஏழு மணி நேரமா, ஐந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழின் பயணப் பக்கத்தில், பெரு நாட்டின் லீமாவிலிருந்து பிரேசிலின் சாவோ பாவ்லோவுக்கு விமானத்தில் செல்ல ஏழு மணி நேரம் ஆகும் என்றும், திரும்பி வர மூன்று மணி நேரமே போதும் என்றும், காற்றின் போக்கே இதற்குக் காரணம் என்றும் அச்சாகியிருந்தது. அண்ணா சாலையில் விமானப் பயணச்சீட்டு முகவர் ஒருவரிடம் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு, இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

இவ்விரு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 3,470 கிலோமீட்டர்; பறக்கும் நேரம் போகும்போதும் வரும்போதும் சுமார் ஐந்து மணி. கட்டுரையாளர், இறங்கும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்து விடை கண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். எழும்பூரில் ரயில் ஏறித் தஞ்சாவூரில் இறங்குபவருக்கு அந்தக் கணக்கு சரி. விமானச் சீட்டில் இருப்பதோ அந்தந்த ஊரின் கடிகார நேரம். சாவோ பாவ்லோவின் கடிகாரம் லீமாவைவிட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுவதால், லீமாவில் காலை 8 மணிக்குக் கிளம்பி ஐந்து மணி நேரம் பறக்கும் விமானம், அங்கே பிற்பகல் 3 மணிக்கு இறங்கியதாகச் சீட்டு சொல்லும். திரும்பும்போது அதே இரண்டு மணி குறைந்து, ஐந்து மூன்றாகிவிடும். (பிரேசிலில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்த காலத்தில் இந்த வேறுபாடு சில மாதங்களுக்கு மூன்று மணியாக இருந்தது, 2019-இல் அவ்வழக்கத்தைக் கைவிட்டார்கள்.)

இதில் காற்றின் மேல் பழி போட்டதுதான் வேடிக்கை. மூன்று மணியில் 3,470 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 1,150 கிலோமீட்டருக்கு மேல். பயணிகள் விமானம் பறப்பது 850, 900 கிலோமீட்டர் வேகத்தில். தவிர, அந்தப் பகுதியில் உயரத்தில் வீசும் பலத்த காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுவது. அது துணை செய்வது சாவோ பாவ்லோவுக்குப் போகும் விமானத்துக்குத்தானே தவிர, திரும்பி வருவதற்கு அல்ல. அந்த லாபமும் கால் மணி, அரை மணிதான்.

இந்தக் குழப்பம் எங்களுக்குப் புதிதல்ல. சிங்கப்பூர்ச் சீட்டு வாங்க வந்த பெரியவர் ஒருவர், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு, "போக ஆறரை மணி, வர ஒன்றரை மணியா? அப்படியானால் வரும் சீட்டுக்குப் பணம் குறைப்பீர்களா?" என்று கேட்டார். சீட்டு உறையின் பின்புறம் இரண்டு கடிகாரங்களை வரைந்து, இரண்டுக்கும் இடையே இரண்டரை மணி வேறுபாடு என்றும், பயணம் இரு பக்கமும் நான்கு மணிதான் என்றும் விளக்கியபின் சிரித்துவிட்டுப் போனார்.

அதே பக்கத்தில் லீமாவுக்கும் கூஸ்கோவுக்கும் 1,100 கிலோமீட்டர் என்று போட்டு, பக்கத்திலேயே விமானப் பயணம் ஒன்றேகால் மணி என்றும் தந்திருக்கிறீர்கள். 1,100 என்பது ஆண்டிஸ் மலையில் வளைந்து வளைந்து ஏறும் சாலையின் நீளம்; பேருந்தில் இருபது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வான்வழியில் அது 600 கிலோமீட்டர்கூட இல்லை.

திருத்தம் வெளியிடும்போது, நேரங்களின் அருகே 'உள்ளூர் நேரம்' என்ற குறிப்பையும், தொலைவின் அருகே அது வான்வழியா சாலைவழியா என்பதையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பயணச்சீட்டு அலுவலர்,
மயிலாப்பூர், சென்னை.