நாலடிப் பாதையில் நிமிர்ந்து நடப்பது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் தீபாவளி மலரில் வந்த கீசா பிரமிடு பயணக் கட்டுரையைப் படித்தேன். படித்ததோடு நிற்காமல் அதை வெட்டி எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எகிப்துக்கே போய்விட்டும் வந்தேன். மகன் துபாயில் இருக்கிறான். அங்கிருந்து கெய்ரோ நாலு மணி நேரம்தான், ஜனவரியில் போகலாம் வாங்கம்மா என்றான். உங்கள் கட்டுரையும் கையில் இருந்ததால் துணிந்துவிட்டோம்.

பெரிய பிரமிடுக்குள் வயதானவர்களும் சிரமமில்லாமல் நடந்து போய் மன்னரின் அறையைப் பார்த்து வரலாம் என்று அதில் ஒரு வரி. எனக்கு 66 வயது. எங்கள் வீட்டுக்காரருக்கு 71, இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். அந்த ஒரு வரியை நம்பித்தான் உள்ளே போவதற்கான தனி டிக்கெட்டையும் வாங்கினோம். வளாகத்துக்கு ஒரு டிக்கெட், பிரமிடின் உள்ளே போக இன்னொன்று என்பதையே கவுன்டரில்தான் தெரிந்துகொண்டோம். நாங்கள் போனபோது கார்டு மட்டும்தான் வாங்கினார்கள். மகன் மட்டும் கூட வராமல் இருந்திருந்தால் கட்டுக்கட்டாக எகிப்து பவுண்டை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருப்போம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதிலிருந்து ஆண்ட கலீஃபா அல்-மாமூன் காலத்தில் குடைந்ததாகச் சொல்லும் துளை வழியாகத்தான் நுழைய வேண்டும். அங்கே ஓரளவு நிமிர்ந்தே போகலாம். கட்டுரையாளரும் அதுவரை போயிருப்பார் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் ஏறுபாதை. அதன் உயரம் நாலடி, நீளம் சுமார் 40 மீட்டர். செங்குத்தாகச் சாய்ந்த மரப்பலகையில் கால் வழுக்காமலிருக்கக் குறுக்கே பட்டைகள் அடித்திருக்கிறார்கள். உடம்பை இரண்டாக மடித்துக்கொண்டு, முன்னால் போகிறவரின் செருப்பைப் பார்த்தபடியே ஏற வேண்டும். இறங்குகிறவர்களுக்கும் அதே பாதைதான், எதிரே ஆள் வந்தால் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே சால்வை கேட்கும் குளிர், உள்ளே வேர்வை நாற்றமும் புழுக்கமும். (எகிப்தில் எப்போதும் வெயில்தான், பருத்தித் துணி போதும் என்று எழுதியவரும் இதே புண்ணியவான்தான். கெய்ரோவில் ஜனவரிக் காலையில் பல் கிட்டிக்கொண்டது.)

பத்தடி ஏறியதும் இவருக்கு முட்டி மடங்கவில்லை. பின்னால் வரிசையாக வந்தவர்களிடம் ஒவ்வொருவராக "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக இறங்கினார். அஞ்சல் துறையில் அதிகாரியாக இருந்தவர் ஐயா, யாரிடமும் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தேன். நடுவில் பெரிய கூடம், 28 அடி உயரம். அப்பாடா என்று நிமிர்ந்தால் இன்னும் 150 அடி ஏற்றம் பாக்கி. மறுபடி ஒரு குனிவு. அப்புறம்தான் மன்னர் அறை. அஸ்வானிலிருந்து நைல் வழியாகக் கொண்டுவந்த கருங்கல், மூடி இல்லாத ஒரு கல்தொட்டி, அதிலும் ஒரு மூலை உடைந்திருக்கிறது. கட்டுரையில் சொன்ன வண்ண ஓவியங்களைத் தேடினேன். சுவரில் ஒரு கோடு இல்லை. உள்ளறைச் சுவர் முழுக்க எழுத்துகள் செதுக்கியது சக்காராவில் உள்ள உனாஸ் மன்னரின் பிரமிடில். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? அந்த மொட்டை அறையில் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. அதற்கும் ஓவியம் தேவைப்படவில்லை.

படத்தையும் சொல்லிவிடுகிறேன். குஃபு மன்னரின் பெரிய பிரமிடு என்று அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தது அவர் மகன் காஃப்ரேயின் பிரமிடு. உச்சியில் பழைய மேற்கல் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது அதற்குத்தான். மேட்டில் நிற்பதால் பார்வைக்கு அதுவே உயரமாகத் தெரியும். பக்கத்திலேயே குஃபுவின் மரப்படகைப் பார்க்கலாம் என்றும் இருந்தது. அந்தப் படகை 2021-லேயே புதிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இல்லாத படகைத் தேடி அரை மணி நேரம் மணலில் நடந்தோம்.

ஒட்டகத்தைப் பற்றி 'மறக்க முடியாத அனுபவம்' என்று மட்டும் எழுதியிருந்தார். அது மட்டும் சத்தியம். ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் இவருடைய மூக்குக்கண்ணாடி பிழைத்திருக்கும். பேசிய காசு ஏறுவதற்காம், இறங்குவதற்கு இன்னொரு விலையாம். கொடுக்கும்வரை ஒட்டகத்தை உட்காரவைக்கவே இல்லை. வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு இவர் என்னைப் பார்த்த பார்வையைத் தங்கள் கட்டுரையாளர் பார்த்திருக்க வேண்டும்.

இது முதல் தடவையும் இல்லை. பர்வதமலைக்குக் காலை நடைபோல ஏறிவிடலாம் என்று முன்பு தங்கள் பத்திரிகையில் வந்ததை நம்பிப் போன என் தம்பி, கடப்பாறைப் படியில் சங்கிலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றான். அதைப் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தில் 'தங்கள் இதழை 22 வருஷமாக வாங்கிவருகிறேன்' என்ற வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். மிக்க நன்றி. குறுக்கெழுத்துப் புதிரின் விடையை அதே பக்கத்தில் நேராக அச்சிடுவதைப் பற்றி எழுதியதற்கு அந்த நன்றியும் கிடைக்கவில்லை.

கட்டுரையாளரை நீக்குங்கள், மலருக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கொடுங்கள் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு வரி போடுங்கள்: பெரிய பிரமிடின் உள்பாதை நாலடி உயரம்தான், முழங்கால் வலியும் இதயக் கோளாறும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் வெளியில் இருந்து பார்ப்பது நல்லது. எங்கள் தெருவிலேயே ஒரு அம்மா அந்த மலரை என்னிடம் இரவல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கடிதத்தையும் வெட்டத்தான் போகிறீர்கள். வெட்டும்போது அந்த நாலடியை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
22 வருஷ வாசகி,
கும்பகோணம்