வண்ணத்துப்பூச்சி பூங்காவுக்குக் காலையில் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது வண்ணத்துப்பூச்சி பூங்கா. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறவர்கள் அதிகம். 2015இல் திறக்கப்பட்ட இந்தப் பூங்கா 25 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. விளையாட்டுத் திடல், நீரூற்று, நட்சத்திர வனம், ராசி வனம் எல்லாம் உண்டு. ஆனாலும், "பேர்தான் பூச்சிப் பூங்கா, நாலு பூச்சிகூடக் கண்ணில் படவில்லை" என்று அலுத்துக்கொண்டு திரும்பும் குடும்பங்களைப் பார்க்கிறோம். பெரும்பாலும் அது வந்த நேரத்தால் வரும் ஏமாற்றம்.

வெளியூர்க்காரர்கள் காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, மதியம் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் நாலு மணிக்குப் பூங்காவுக்குள் நுழைகிறார்கள். வண்ணத்துப்பூச்சியின் உடம்புக்கு நம்மைப்போல் நிலையான சூடு கிடையாது. வெயிலில் இறக்கையை விரித்துக் காய வேண்டும். பறக்கும் தசைகளில் ஏறத்தாழ 30 டிகிரி சூடு ஏறினால்தான் சுறுசுறுப்பாகப் பறக்க முடியும். வெயில் இறங்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகப் புதருக்குள் ஒதுங்கி இறக்கையை மூடிக்கொள்ளும். இறக்கையின் அடிப்பக்கம் பலவற்றுக்கு மங்கிய நிறம் என்பதால், ஒரு முழ தூரத்தில் இருந்தாலும் பிள்ளைகளுக்குத் தெரியாது. உச்சி வெயிலிலும் இதே கதைதான், நிழல் தேடிப் போய்விடும். ஆகவே காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டமான நாளாக இருந்தால் வெயில் எட்டிப்பார்க்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருப்பதே வழி.

ரயிலில் வருகிறவர்கள் திருச்சி ஜங்ஷனில் இறங்கினால் மத்திய பேருந்து நிலையம் நடக்கிற தூரம்தான். அங்கே 1ஆம் எண் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம், அங்கிருந்து மேலூருக்கு ஆட்டோ. செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை; அது தெரியாமல் வந்து பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டாம். பூங்காவை முடித்துக்கொண்டு கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டபின், முக்கொம்புக்கோ கோயிலுக்கோ மாலையில் போகலாம். பெருமாள் மாலையிலும் சேவை சாதிப்பார். பூச்சிகள் மாலைவரை காத்திருக்காது.

மாதமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் செடிகள் தளிர்த்து, புழுக்களுக்கு இளம் இலை கிடைத்தபின் எண்ணிக்கை கூடும். அந்த வகையில் அரையாண்டுத் தேர்வு விடுமுறை நல்ல காலம். கோடை விடுமுறையில் எல்லாரும் வருகிறார்கள், அப்போது இலை முற்றிக் காய்ந்து பூச்சிகள் குறைந்திருக்கும். ஆடிக் காற்றில் வந்தால் திறந்த வெளியில் தேடாமல், காற்று மறைவான புதர்ப் பக்கம் தாழப் பாருங்கள்.

இன்னொன்று, பூவை மட்டும் பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள். பூவில் தேன் குடிப்பது கொஞ்ச நேரம்; முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்றும் இருப்பது இலையில். எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் இந்த மூன்றின் தளிரைப் புரட்டினால் எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு கிடைக்கும். சின்னதாக இருக்கும்போது கறுப்பும் வெள்ளையுமாக, அசல் காக்கை எச்சம்போலவே இருக்கும், குருவி சீந்தாது. கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு பச்சையாகிவிடும். ஈர்க்குச்சியால் முதுகை மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி இரட்டைக் கொம்பு வெளியே வரும், கூடவே நெடியடிக்கும் ஒரு புளிப்பு வாடை. ஒருமுறை தொட்டால் போதும், திரும்பத் திரும்பச் சீண்டக் கூடாது. அரளி இலையின் அடியில் வெண்புள்ளிக் கருப்பன் என்ற வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு தொங்குகிறதா என்று தேடுங்கள். விரல்கணு அளவுதான், ஆனால் முழுக்க வெள்ளி முலாம் பூசியதுபோல் மினுங்கும். எதிரில் நிற்கிற பிள்ளையின் சட்டை நிறம்கூட அதில் தெரியும்.

படம் எடுக்க நினைப்பவர்கள் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியில் தொடங்கலாம். எருக்கிலையைத் தின்று வளர்ந்த நஞ்சு உடம்பில் இருப்பதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை, அதனால் அதுவும் அவசரப்படாமல் தாழப் பறக்கும். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல், குனிந்து மெதுவாக நெருங்க வேண்டும். இறக்கையைப் பிடிக்கவே கூடாது. விரலில் ஒட்டுகிற பொடி அதன் இறக்கைச் செதில். உதிர்ந்தால் மறுபடி முளைக்காது.

பூங்கா நிர்வாகத்துக்குச் சில வேண்டுகோள்கள். நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்திலேயே, பார்க்க ஏற்ற நேரத்தைப் பெரிய எழுத்தில் ஒரு பலகையில் வைக்கலாம். புழு தின்னும் செடிகளுக்குப் பக்கத்தில், எந்தப் பூச்சியின் புழு எந்தச் செடியில் இருக்கும் என்று தமிழில் எழுதினால் பிள்ளைகள் தாங்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள். வெயில் படும் இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி ஆற்று மணல் பரப்பி, ஒரு கைப்பிடி கல்லுப்பு கரைத்த தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருந்தால், உப்புச் சத்துக்காக ஆண் பூச்சிகள் கூட்டமாக வந்து உட்காரும். ஞாயிறு காலையில் மட்டுமாவது ஸ்ரீரங்கத்திலிருந்து பூங்கா வாசல்வரை பஸ் விட்டால், ஆட்டோ செலவுக்கு யோசிக்கிற குடும்பங்களும் வரும்.

டெல்டா முழுக்க உள்ள நகராட்சிப் பூங்காக்களுக்கும் இது பொருந்தும். பத்துக் கறிவேப்பிலைக் கன்று, நாலு எலுமிச்சை, ஓரமாக இரண்டு எருக்கு இருந்தால் எந்தப் பூங்காவிலும் பூச்சி வரும். ஆனால் சுத்தம் என்ற பேரில் கிணற்றடிப்பூண்டு என்ற சிறு பூச்செடியை வேரோடு பிடுங்கிவிடுகிறோம். தேன் உறிஞ்சும் குழல் குட்டையான சிறு நீலப் பூச்சிகளுக்கு அந்தப் பூ நல்ல சாப்பாடு. இலையில் ஓட்டை விழுந்ததும் மருந்தடிக்கிறோம். ஓட்டை போட்டது வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாமே! வேப்பெண்ணெய்க் கரைசல்கூட அதன் தோலுரிப்பைக் கெடுத்துக் கொன்றுவிடும். கொசுப் புகையும் அப்படியே. சாக்கடையும் தேங்கிய தண்ணீரும் உள்ள இடத்தில் கொசுவை ஒழிக்கட்டும். புழு இருக்கும் செடிப் பாத்திகளை மட்டும் புகையடிக்காமல் விட்டுவிடும்படி நகராட்சிகள் தங்கள் பணியாளர்களுக்கு எழுத்திலேயே உத்தரவு கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வண்ணத்துப்பூச்சி ஆர்வலர்கள் சிலர்,
திருவையாறு