குடம் காலியாக வரும், அக்கா

அக்கா,

2023 டிசம்பரில் கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் வந்து இந்த டிசம்பரோடு 2 வருஷம். நாடகத்தை மறுபடி போடுகிறோம், அதே எண்ணூர்க் கரையில். பால் ஊற்றும் காட்சியை எடுத்துவிட்டேன். நேரில் சொல்ல வேண்டியது. நீங்கள் போனை எடுத்தால்தானே. நாலு பேர் படிக்கிற இடம் என்பதால் பெயர் போடவில்லை. உங்கள் திருநங்கையர் ஜமாத்தில் நடந்த பேச்சும் இதில் வராது.

நீங்கள் போன பிறகு, நாடகத்தில் எண்ணெயாகக் காட்டுகிற கூழை மாற்றிவிட்டோம். வெல்லப்பாகில் கரி கலந்தபோது மினுமினுப்பு நன்றாக இருந்தது, ஆனால் கூழின் நடுவில் இருந்து நடிக்கிற பாப்பாவை ஈயும் எறும்பும் விடவில்லை. இப்போது கார்ன்ஃப்ளார் என்கிற சோளமாவு. 20 லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிலோ. அதில் 2 லிட்டர் பச்சைத் தண்ணீரை எடுத்து மாவைக் கரைத்துக்கொண்டு, மீதி கொதிக்கும்போது ஊற்றிக் கிளற வேண்டும். மாவை நேரே கொட்டினால் கட்டி தட்டிவிடும். இறக்கியதும் 300 கிராம் கொட்டாங்கச்சிக் கரி, வேட்டித் துணியில் சலித்தது. அரை லிட்டர் கிளிசரின் விட்டால் கடற்காற்றில் சீக்கிரம் ஆடை கட்டாது. கை பொறுக்கிற சூட்டுக்கு வர 3 மணி நேரமாவது ஆகும். முதல் நாளே காய்ச்சி வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும், புளித்த வாடையும் வரும். நிஜ எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம் என்று நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. அந்த மாதம் பக்கெட்டோடு படகில் போய் எண்ணெயை அள்ளியவர்களின் கையைப் பார்த்தவர்கள் நாம்.

ஆட்டம் முடிந்ததும் கூழை டிரம்மில் அள்ளித் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறோம். கஞ்சிதானே என்று கொசஸ்தலையில் விட்டால், அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். குஞ்சு இறாலுக்கு மிச்சமிருப்பதும் போய்விடும்.

குஞ்சு இறால் என்றதுமே உங்கள் குரல்தான் கேட்கிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு உருமாறி உருமாறி, ஓதத்தோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வரும். அலையாத்தி வேரடியில், சேற்றில் வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்பும். முதல் ஒத்திகையில் இதைப் படித்துக் காட்டியபோது, "பெத்தது கடலு, வளக்கிறது ஆறு. எங்க ஜமாத்து மாதிரியே இருக்கே" என்றீர்கள். மொத்த நாடகமும் அந்த ஒரு வரியிலிருந்து முளைத்தது. நோட்டீஸில் எழுத்து என்று என் பெயரை மட்டும் போட்டதற்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் 40 பக்கத்தையும் உட்கார்ந்து எழுதியது யார் அக்கா? அதையும் யாராவது சொல்லத்தான் வேண்டும்.

போன வருஷம் நடந்ததற்கு வருகிறேன்.

8 அடிக்கு 4 அடி சட்டம், மேலே தார்ப்பாய், அதில் கூழ், நடுவில் பாப்பா. கறுப்பின் மேல் முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் அது பளபளத்துப் பாலைத் தின்றுவிடும். அதனால் முழங்கால் உயரத்தில், பக்கவாட்டில் ஒரு லைட். பால் கூழைத் தொட்டதும் அதைத் தவிர எல்லாம் அணைய வேண்டும் என்பது என் கணக்கு. 5 லிட்டர் பித்தளைக் குடத்தில் 3 லிட்டர் பால், அலம்பாமல் இருக்க. ஈர மணலில் ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்து நின்றீர்கள்.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து அந்த அம்மாவின் குரல். கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர், பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நாள் முழுக்க அந்தத் தண்ணீரில் கிடக்கிறவர். "அதுல ஊத்தாதம்மா."

நின்றுவிட்டீர்கள். குடத்தை இறக்கினீர்கள். உள்ளங்கையில் பாலை ஏந்திப் பாப்பாவின் வாயருகே கொண்டுபோனீர்கள். அவள் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். முகவாயில் வழிந்த பால் கழுத்துக் கரியில் ஒரு கோடு போட்டது. பால் கொடுத்து மகளாக்கிக்கொள்வது என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

நான் லைட்டை அணைத்தேன். காட்சி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஜெனரேட்டர் கோளாறு என்று எல்லோரிடமும் சொன்னேன். ஜெனரேட்டர் நன்றாகத்தான் ஓடியது. என் விரல்தான். இருட்டில் அவள் விக்குகிற சத்தம் கேட்டது, அதோடு செல்போன் வெளிச்சங்கள்.

அந்த வீடியோக்களை நான் பரப்பவில்லை. ஆனால் பால் குடத்தைக் கரைக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்டது நான்தான். நாற்பதாம் நாள் பால் எடுத்துப் போவது யார் வீட்டுச் சடங்கு, அதை எவ்வளவு வெளியே காட்டலாம் என்று கேட்காமலே கேட்டேன். நீங்களும் சரி என்றீர்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் செய்துவிட்டு, சொல்லாமலே போய்விட்டீர்கள். பாப்பா என்னிடம் வந்து "அம்மா எங்க?" என்று கேட்டபோது நான் என்ன சொல்வது? கையால் பால் கொடுத்துவிட்டு வருஷம் முழுக்கப் பேசாமல் இருப்பது எந்த ஊர் வளர்ப்பு?

2025 மே 22 அன்று, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் செய்தியை உங்களுக்குத்தான் முதலில் அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. அவ்வளவுதான்.

இந்த முறை குடத்தைப் பாப்பா எடுத்து வருகிறாள். காலிக் குடம் தலையில் ஆடும் என்பதால் அடியில் ஒரு கிலோ ஈர மணலைத் துணியில் கட்டி, விழாதபடி உள்ளே ஒட்டி வைத்திருக்கிறோம். கூழின் விளிம்பில் கவிழ்த்து வைப்பாள், எதுவும் விழாது. முன்வரிசையில் அந்த அம்மாவுக்கு இடம் போட்டிருக்கிறோம்.

சும்மாடுதான் சரியாக வரவில்லை. நான் சுற்றிக் கொடுத்தால் நாலாவது அடியில் நழுவுகிறது. உங்கள் பழைய துணியையே நனைத்துச் சுற்றிப் பார்த்தோம், அதுவும் நிற்கவில்லை. கடைசியில் முனையை எங்கே செருகுவீர்கள் என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓதம் இறங்கின பிறகு ஒத்திகை.