தூக்குவாளியோடு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

என் சின்ன வயதை ஆறு நோட்டுகளில் எழுதி முடித்துவிட்டேன். ஆரம்பித்தபோது அப்பாவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்று நினைத்தேன். முடித்துவிட்டுப் புரட்டினால், அவர் வருகிற பக்கங்களைவிட எனக்குச் சோறு போட்டவர்கள் வருகிற பக்கங்கள்தான் அதிகம். அவர்களில் பாதிப் பேருக்கு நான் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. பெயர் போட்டு எழுதினால் சங்கடப்படுவீர்கள், பலர் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறீர்கள். யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் பின்வீட்டுப் பெரியம்மா.

பண்ருட்டிப் பக்கம், முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் எங்கள் ஊர். அப்பாவுக்குக் குடி. 1987-இல் சாராயக்கடைகளை மூடினார்கள். 1990-இல் மலிவு விலை மது என்று திறந்தார்கள், மறு வருஷமே அதையும் மூடினார்கள். அரசாங்கம் மூடினாலும் திறந்தாலும் எங்கள் வீட்டில் ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை, பாண்டிச்சேரிதான் பஸ் ஏறினால் வந்துவிடுமே. எனக்கு ஒன்பது வயதில் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அந்தக் கோபத்துக்கு ஒரு முழு நோட்டு செலவாகிவிட்டது, இங்கே வேண்டாம்.

ராத்திரி வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால் போதும், கொல்லைப்பக்கமாக ஓடி உங்கள் மாட்டுக்கொட்டகைக்கு வந்துவிடுவேன். என்ன, ஏது என்று நீங்கள் கேட்டதில்லை. வைக்கோல் மேல் சாக்கை விரிப்பீர்கள், தூக்குவாளியை வைப்பீர்கள், விளக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். பழைய சோறு, மோர், கூடவே இரண்டு மோர்மிளகாய். இருட்டில் மாடு அசைபோடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன். தேடி வந்த அப்பாவிடம் "இங்க யாரும் வரலியேப்பா" என்று நீங்கள் கூசாமல் சொன்ன பொய்கள் எத்தனை! வாரத்துக்கு ஒருநாள் விரதம் இருக்கிறவர் நீங்கள்.

அப்புறம் எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா. லீவு நாளில் நான் முந்திரி உடைக்கப் போவேன். ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்திருக்கும். வகுப்பில் கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்து வைத்திருப்பேன். 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போட ஆரம்பித்தார்கள். அந்த விரலால் ஓட்டை உரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த நாளிலிருந்து, என் தட்டில் மட்டும் உரித்த முட்டை விழும். மற்ற பிள்ளைகள் கேட்டதற்கு, "அது ஓடு ஒடஞ்ச முட்டைடி" என்று சொல்லிவிட்டீர்கள். நான் அதை ரொம்ப நாள் நம்பினேன் ஆயா. எனக்கு மட்டும் எப்போதும் உடைந்த முட்டைதான் வருகிறது என்று அழுதுகூட இருக்கிறேன்.

அப்பாவை மடக்கிக் கையெழுத்து வாங்கி என்னை அரசு விடுதியில் சேர்த்த கணக்கு டீச்சருக்கும் நன்றி. டீச்சர், கணக்கு எனக்கு இன்றுவரை வரவில்லை.

வள்ளலாரின் வடலூருக்கு முதலில் கூட்டிப்போனதும் பெரியம்மாதான். தைப்பூசத்தன்று விடியற்காலையில் சத்திய ஞான சபையில் ஏழு திரைகளையும் விலக்கி ஜோதி காட்டினார்கள். கூட்டத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவரின் முதுகுதான். ஆனால் பிறகு, வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடும் தருமச்சாலையில் பந்தியில் உட்கார்ந்தது நன்றாக நினைவிருக்கிறது. யார் வீட்டுப் பெண், என்ன சாதி என்று எந்தக் கேள்வியும் இல்லை. இரண்டாவது தடவை சோறு கேட்டேன், போட்டார்கள். மூன்றாவது தடவையும் போட்டார்கள்.

அதோடு மறந்துவிட்டேன். படிப்பு, வேலை, கல்யாணம், ஒரு பெண் குழந்தை என்று வாழ்க்கை ஓடியது. எல்லாம் தாண்டி வந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது ஒரு நாள் பாலைக் கொட்டிவிட்டாள். கையில் கரண்டி இருந்தது, ஓங்கிவிட்டேன். அவள் கத்தவில்லை, ஓடவில்லை. இரண்டு கையையும் தலைமேல் வைத்துக் குனிந்துகொண்டாள். அவளுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. அது என்னுடைய குனிதல்.

மறுநாளே பஸ் ஏறி வடலூருக்குப் போனேன். சாமி கும்பிடவெல்லாம் தோன்றவில்லை. தருமச்சாலைத் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "சும்மாதான ஒக்காந்திருக்க, இந்தப் பூசணியக் கொஞ்சம் அரிஞ்சு குடேன்" என்றார். அரிந்தேன். சாயங்காலம்வரை அரிந்தேன். பிறகு மாதாமாதம் பூச நாளில் போகத் தொடங்கினேன்.

1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அது, இன்றும் அணையாமல் எரிகிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாட்டி எனக்கு அவர் கதையைச் சொன்னார். கைக்குழந்தையிலேயே தகப்பனை இழந்தவர், அண்ணன் வீட்டில் வளர்ந்தவர். படிக்கவில்லை என்று அண்ணன் கோபித்து வெளியே அனுப்பிவிட, அண்ணிதான் அண்ணனுக்குத் தெரியாமல் சோறு போடுவாராம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "என்னம்மா?" என்றார். "எனக்கும் ஒரு பெரியம்மா இருந்தாங்க பாட்டி" என்றேன். முதன்முதலாக ஒருவரிடம் முழுக்கதையையும் சொன்னது அன்றைக்குத்தான். அவர் காய் அரிவதை நிறுத்தவே இல்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். பாட்டி இப்போது இல்லை.

அடுப்பங்கரை மட்டுமே என்னைச் சரியாக்கியது என்று சொன்னால் பொய். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பார்த்த டாக்டரம்மா, "பூசத்துக்குப் போங்க, நல்லதுதான். மாத்திரையையும் விட்டுடாதீங்க" என்றார். இரண்டையும் விடவில்லை. தூக்கம் வந்தது மாத்திரையால். கோபம் வரும்போது கையிலிருப்பதைக் கீழே வைக்கப் பழகியது எதனால் என்று சரியாகத் தெரியவில்லை. (மீன் குழம்பை மட்டும் இன்னும் விட முடியவில்லை. வள்ளலார் வழியில் புலால் தொடாத சன்மார்க்க அன்பர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

அப்பாவை மன்னித்துவிட்டாயா என்று நோட்டைப் படித்த சிநேகிதி கேட்டாள். தெரியவில்லை. அவர் இறந்த நாளில் தருமச்சாலைக்கு ஒரு சிப்பம் அரிசி கொடுக்கிறேன். ரசீதில் அவர் பெயரைப் போடச் சொல்ல எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.

ஆறு நோட்டையும் டைப் அடித்துத் தந்தது மகள்தான். கரண்டி வருகிற பக்கத்தை அவள் கையில் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. வாங்கிப் படித்தாள், அடித்து முடித்தாள், "பால் இல்லம்மா, ஹார்லிக்ஸ்" என்று திருத்தினாள். நன்றி கண்ணு.

பெரியம்மா, வருகிற தைப்பூசத்துக்கு ஊருக்கு வருகிறேன். விடுதிக்குப் போன அன்று வழியில் சாப்பிடப் புளிச்சோறு கட்டிக்கொடுத்தீர்களே, அந்தத் தூக்குவாளி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கொண்டு வந்து தருகிறேன். மூடி மட்டும் தொலைந்துவிட்டது, திட்டாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கொட்டகையில் தூங்கிய பெண்